கிளிப்பைத் திறக்கலாமா?

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே வண்டியில் போனபோது, ஒரு சம்பா வயலில் நெல் இலைகளில் வெள்ளைக் கிளிப்புகள் மாட்டியிருந்ததைப் பார்த்தேன். அவ்வளவுதான் என் கைமுதல். எங்கள் பகுதியில் வயலில் யாராவது புதிதாக எதையாவது வைத்தால் முதலில் குழாய் பதிக்கும் எண்ணெய்க் கம்பெனி ஞாபகம்தான் வரும். எனக்கும் அதுதான் வந்தது. இறங்கிப் போய்க் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் உங்களுக்கு இந்தக் கதை இல்லை.

2

காலைப் பனியில் செம்மொழி வரப்பில் நடந்து வந்தபோது...

(வேண்டாம். காலண்டர் படம் மாதிரி இருக்கிறது.)

மறுபடியும். கண்ணுசாமிக்கு மூன்று மா நிலம், ஏறக்குறைய ஒரு ஏக்கர். அவருடைய அப்பா அதே வயலில் கூலிக்கு நட்டவர். கண்ணுசாமி அதை விலைக்கு வாங்கினார். அவர் மகள் செம்மொழி சென்னையில், பல்கலைக்கழகத்தில் உயிர் இயற்பியல் படிக்கிறாள். படிப்பு முடிய ஒரே ஒரு ஆய்வுதான் பாக்கி. உப்பு ஏறும் கடைமடை வயலில், இலை மஞ்சளாகும் முன்பே பயிர் தவிப்பதைக் கண்டுபிடிக்க முடியுமா என்று பார்க்கிறாள். கிளிப், இலையில் ஒரு பொட்டு இடத்தை இருட்டில் வைக்கும். பிறகு கருவி அதில் ஒளியைப் பாய்ச்சி, இலை திருப்பி விடும் மினுக்கை அளக்கும்.

(அப்படித்தான் அவள் சொல்கிறாள்.)

3

கண்ணுசாமிக்குச் சந்தேகம் கிளிப்பால் வரவில்லை, மகளின் பதில்களால் வந்தது. "இதப் படிச்சா என்ன வேலைம்மா?" என்று அவர் கேட்டதற்கு, "இன்னொரு படிப்பு சேத்துப் படிச்சா கேன்சர் ஆஸ்பத்திரியில கதிர்வீச்சு அளக்குற வேலைப்பா" என்றாள். அத்தை அம்சத்திடம் மருந்துக் கம்பெனி என்றாள். பக்கத்து வயல் இராஜாங்கத்திடம் ஆராய்ச்சி, இல்லாவிட்டால் காலேஜ் வாத்தியார் என்றாள். மூன்றுமே நடக்கக்கூடியதுதான், விசாரித்துவிட்டேன். ஆனால் ஆளுக்கொரு பதில் சொல்கிறவளை எந்த ஊர் நம்பும்?

(ஓரக் குறிப்பு: அவள் மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் நின்று இங்கிலீஷில் போன் பேசுவதாக ஒரு வரி எழுதினேன், சந்தேகம் கூடட்டும் என்று. பிறகு பாவமாக இருந்தது, அடித்துவிட்டேன். அதற்குள் இராஜாங்கம் காதில் 'கம்பெனி' என்ற சொல் விழுந்துவிட்டது.)

4

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க," என்றார் இராஜாங்கம். "ஒங்க பொண்ணு எவனுக்கோ அளந்து குடுக்குது. நாளைக்கு அவன் கொழா பதிக்க வருவான். தெருவே கெளம்பி வந்துக்கிட்டிருக்கு. அவங்க வர்றதுக்குள்ள நீங்களே அதப் புடுங்கிப் போட்டுடுங்க."

செம்மொழி கருவியோடு ஓடிவந்தாள். "அப்பா, இப்பத்தான் மாட்டுனேன். தொறந்தா வெளிச்சம் பட்டு அளவு கெட்டுடும். நாளைக்கு வாய்க்கால்ல தண்ணி வந்துட்டா உப்பு அலசிடும். இந்த வருசமே போச்சுப்பா."

"உள்ள என்ன இருக்கு?"

"எலைதான்ப்பா."

"எலைதான்னா தொறந்து காட்டேன்."

அவள் கருவியில் நேரத்தைப் பார்த்தாள்.

"சரி, படிச்சு முடிச்சிட்டு யாருகிட்டம்மா வேலைக்குப் போவ?"

"தெரியலப்பா. சத்தியமா தெரியல."

இத்தனை நாளில் அவள் சொன்னதில் இது ஒன்றுதான் பொய் மாதிரி இல்லை. அதனாலேயே கண்ணுசாமிக்குப் பயமாக இருந்தது.

5

முதலில் எழுதிய முடிவில் அவர் திறந்தார். உள்ளே இலைதான். தெருவே சிரித்தது, மகள் சிரிக்கவில்லை. (அடித்துவிட்டேன்.)

அடுத்ததில் அவர் வயலை மறித்து நின்று, "எம் பொண்ணு பொய் சொல்லாது" என்றார். (இதையும் அடித்தேன். அவ்வளவு சுலபமாக மூன்று மா நிலத்தைப் பணயம் வைக்கிற ஆள் இல்லை அவர். எனக்கே அவள்மேல் சந்தேகம் தீரவில்லை.)

தெருக்காரர்கள் மடையைத் தாண்டிவிட்டார்கள். கண்ணுசாமி குனிந்து, கட்டைவிரலைக் கிளிப்பின் மூடிமேல் வைத்திருக்கிறார். எனக்கு இதற்குமேல் எழுத வரவில்லை. இவ்வளவு நேரம் வரப்பில் நின்று வேடிக்கை பார்த்தது நீங்கள்தான். அவரும் உங்களைப் பார்த்துவிட்டார்.

"நீங்க படிச்சவங்க மாதிரி இருக்கீங்க. எம் பொண்ண நம்பலாமா? சீக்கிரம் சொல்லுங்க."