இலைக்கு இரண்டு நிமிடம் போதும்

ஆய்வகத்தில் அவளுக்குப் பினாயில் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. நாற்காலியைத் துடைக்காமல் உட்கார மாட்டாள், துடைத்த துணியைத் துவைக்காமல் மடிக்க மாட்டாள். தம்பி முதன்முதலாக வேலைக்கு நேர்காணல் போனபோது அவனுடைய நீலச் சட்டையைப் பிளீச்சிங்கில் ஊறப்போட்டு வெள்ளைச் சட்டையாக்கி அனுப்பிவைத்த புண்ணியவதி. வேலை கிடைத்தது, அது வேறு விஷயம்.

அந்த வேலைதான் இலை பறிப்பது. ஈரக் காட்டுக்குள் போய், மரமேறி, இலைகளைப் பையில் போட்டு அக்காவின் ஆய்வகத்துக்கே கொண்டுவந்து கொடுப்பான். இலைக்குள் கண்ணுக்குத் தெரியாமல் பூஞ்சைகள் குடியிருக்கும். மரத்துக்குத் தொந்தரவு தராது, தன் பாட்டுக்கு எதையெதையோ சுரந்துகொண்டு உள்ளேயே காலம் தள்ளும். அந்தச் சுரப்பில் மலேரியாவுக்குப் புது மருந்து கிடைக்குமா என்பதுதான் தேடல். பழைய மருந்துகளுக்கெல்லாம் அந்தக் கிருமி தண்ணி காட்ட ஆரம்பித்து வெகுநாளாகிறது.

இலையைக் கழுவுவது பினாயிலின் பொறுப்பு. வெளித்தூசியில் இருக்கும் பூஞ்சை சாக வேண்டும், உள்ளே இருப்பது பிழைக்க வேண்டும். ஸ்பிரிட், பிளீச்சிங் கரைசல், பிறகு சுத்தமான தண்ணீர். அப்புறம் துண்டு போட்டு, கண்ணாடித் தட்டில், பூஞ்சைக்குத் தீனியான கூழின் மேல் வைத்தால் உள்ளே இருக்கிறவர் மெல்ல வெளியே தலைநீட்டுவார். கடைசியாக அலசிய தண்ணீரில் ஒரு சொட்டைத் தனித் தட்டில் விடுவார்கள். அதில் ஒன்றும் முளைக்கவில்லையென்றால் கழுவியது சரி என்று அர்த்தம். பினாயிலின் அலசல் தட்டில் ஒருநாளும் ஒரு புள்ளி முளைத்ததில்லை. அதில் அவளுக்கு ஏகப்பட்ட பெருமை.

இலைத் தட்டிலும் பெரும்பாலும் ஒன்றும் முளைத்ததில்லை. எப்போதாவது ஒரு முரட்டுப் பூஞ்சை எட்டிப் பார்க்கும், அது மருந்துக்கு உதவாது. ‘காலி’ என்று எழுதி அடுத்த மரத்துக்குப் போய்விடுவாள்.

"என்னக்கா, ஏதாவது வந்துச்சா?" என்று தம்பி ஒவ்வொரு முறையும் கேட்பான்.

"காலிடா."

"அட போக்கா! அந்த மரத்துல ஏறி இறங்குறதுக்குள்ள எனக்கு உயிரே போயிடுச்சு."

அவன் சொன்னது பாதி நிஜம். போகிற காட்டில் கொசு மொய்க்கும். மருந்து தேடப் போனவனுக்கே நோய் வந்தது. ஒரு தடவையோடு விடவில்லை, மழைக்கு மழை வந்தது.

அந்த முறை அவள் இலையைக் கரைசலில் போட்ட கொஞ்ச நேரத்தில் தம்பி மனைவியின் போன் வந்தது.

"அண்ணி, இவருக்கு மறுபடி குளிர் ஜுரம். என்னென்னமோ உளர்றாரு. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல."

பினாயில் இலையை வெளியே எடுத்தாள், அலசினாள், துண்டு போட்டுத் தட்டில் வைத்தாள், ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். தம்பி பிழைத்தான். மண்ணீரல் வீங்கியிருக்கிறது, இனிக் காட்டுப் பக்கம் தலைவைத்தும் படுக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

சில நாள் கழித்துத் திரும்பி வந்து பார்த்தால் தட்டுகளில் வெள்ளை, சாம்பல், ரோஜா நிறத்தில் ஒரே பஞ்சுப் பஞ்சாகப் பூஞ்சை. "ஐயய்யோ, அவசரத்துல சரியாக் கழுவாம விட்டுட்டேனே" என்று அத்தனையையும் குப்பையில் போடத் தூக்கினாள்.

பக்கத்து அறையில் இரத்தத்தில் மலேரியாக் கிருமி வளர்ப்பவள் காட்டேரி. அவளுக்கும் ஆய்வகம் வைத்த பெயர்தான். அவள் வந்து பினாயிலின் கையைப் பிடித்தாள்.

"இருடி. அலசின தட்டப் பாத்தியா?"

பார்த்தார்கள். பளிச்சென்று காலியாக இருந்தது. அப்படியானால் இதெல்லாம் தூசி இல்லை, இலைக்குள்ளிருந்து வந்தவை.

பினாயில் சுவரைப் பார்த்தாள். சுவரில் ஒட்டியிருந்த முறைப்படி பிளீச்சிங்கில் இரண்டு நிமிடம்தான். அவளுக்கு அது போதுமென்று ஒருநாளும் தோன்றியதில்லை. கூட ஊறினால் கூடச் சுத்தம் என்று ஊறவைத்துவிட்டு மற்ற வேலையைப் பார்ப்பாள். போன் வந்த அன்றுதான் சீக்கிரம் வெளியே எடுத்திருந்தாள். குளிர்பெட்டியில் மிச்சமிருந்த அதே மரத்து இலையை எடுத்து, ஒன்றைச் சுவர் சொன்னபடியும் இன்னொன்றைத் தன் வழக்கப்படியும் கழுவி வைத்தாள். முதல் தட்டு நிறைந்தது. இரண்டாவது காலியாகவே கிடந்தது. காம்பின் வெட்டு வழியாகப் பிளீச்சிங் உள்ளே ஏறி, குடியிருந்தவர்களைப் பூண்டோடு அழித்திருக்கிறது. இத்தனை காலமும் மரம் காலியாக இருக்கவில்லை, அவள்தான் காலி செய்திருக்கிறாள்.

ரோஜா நிறப் பூஞ்சையின் சாற்றைக் காட்டேரி சோதித்தாள்.

"கிருமி செத்துடுச்சுடி! அது குடியிருந்த ரத்த அணு முழுசா இருக்கு. வீட்ட இடிக்காம, உள்ள பூந்தவன மட்டும் தீர்த்துடுச்சு. இன்னும் எவ்வளவோ பாக்கணும், ஆனா இது நல்ல சகுனம்."

பினாயில் அழுதாள். காட்டேரி அதைச் சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டாள்.

சொல்லாமல் விட்டிருந்தால் யாரும் கேட்டிருக்கப் போவதில்லை. தம்பிதான் கேட்பான். அவனிடம் இன்னொரு முறை ‘காலிடா’ என்று சொல்ல அவளுக்கு நாக்கு வரவில்லை. போனில் எல்லாவற்றையும் சொன்னாள்.

அவன் கடைசிவரை கேட்டான். பிறகு, "அப்ப முன்னாடி நான் கொண்டாந்ததெல்லாம்?" என்றான்.

"நான்தான்டா கொன்னுட்டேன்."

"ஒவ்வொரு மூட்டைக்கும் ஒரு ஜுரம்க்கா. இலையக் கழுவுறேன் கழுவுறேன்னு என்னையே கை கழுவிட்டியே."

போன் வைக்கப்பட்டது.

மறுநாள் இயக்குநரிடம் போய் நின்று, பழைய மரங்களிலெல்லாம் திரும்பவும் இலை எடுக்க வேண்டும் என்றாள், காரணத்தையும் சொன்னாள். அவர் கத்திவிட்டுக் கடைசியில், "சரிம்மா, யார் போறது? உங்க தம்பி போகக் கூடாதே" என்றார்.

"நான் போறேன் சார்."

வாசலில் நின்ற காட்டேரி பக்கென்று சிரித்துவிட்டாள். இயக்குநருக்கும் சிரிப்பை அடக்கச் சிரமமாக இருந்தது.

கிளையை வளைக்கும் தொரட்டியும் பையும் வாங்கத் தம்பி வீட்டுக்குப் போனாள். அவன் கட்டிலில் மெலிந்து உட்கார்ந்திருந்தான், நிமிர்ந்து பார்க்கவில்லை. "எந்த மரம் எங்க இருக்குன்னு சொல்றியா?" என்று கேட்டாள். பாதை, ஓடை, கிளை எல்லாவற்றையும் சுவரைப் பார்த்துச் சொன்னான். வாய் தவறிக்கூட ஒருமுறை அக்கா என்று வரவில்லை. பிறகு எழுந்து போய்த் தன் ரப்பர் பூட்ஸைக் கொண்டுவந்து அவள் முன்னால் போட்டான். அதில் போன மழையின் சேறு, காய்ந்து அப்பியிருந்தது.

குழாய் வாசலிலேயே இருந்தது. அவள் குழாயைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்த்தான்.

பூட்ஸுக்குள் ஏதோ செத்துக் கிடந்த வாடை அடித்தது. பினாயில் மூச்சைப் பிடித்துக்கொண்டு, செருப்பைக் கழற்றி, சேற்றோடு சேறாகக் காலை உள்ளே விட்டாள்.

"சாக்ஸ் போடாமயா?" என்றான் தம்பி. "அட்டை ஏறும்க்கா. கழட்டு, நான் எடுத்துத் தர்றேன்."