கீழ்ப்பலகை

சும்மா கிடக்கிற அறை என்று துரைசாணி சொன்னபோது மருதாயிக்கு வார்த்தை வாய் வரைக்கும் வந்துவிட்டது. வந்ததை விழுங்கிக்கொண்டாள். பதினோரு வருஷமாக அந்த அறையில்தான் படுத்து எழுகிறேன் என்று சொல்லப்போய், பங்களாவில் படுக்க உனக்கு யார் உத்தரவு கொடுத்தது என்று கேட்டுவிட்டால்?

அறை என்றால் பெரிய அறை ஒன்றும் இல்லை. சமையல்கட்டை ஒட்டி, காலை நீட்டினால் கதவில் இடிக்கிற ஒரு சாமான் அறை. ஆனால் அடுப்பின் புகைபோக்கி அந்தச் சுவருக்குள்தான் ஏறிப் போகிறது. ஐப்பசி மழையில் மலை முழுக்க ஊறிக் கிடக்கும்போது அந்த ஒரு சுவர் மட்டும் வெதுவெதுவென்று இருக்கும். விடியுமுன் எழுந்து வெந்நீர் அடுப்பு மூட்டுகிற முட்டிவலிக்காரிக்கு அந்தச் சுவரை விட்டால் வேறு வைத்தியம் கிடையாது. எஸ்டேட் கூலிக்காரர்களின் லைன் வீட்டில் அவளுக்கென்று இருப்பது கொழுந்தன் குடும்பத்தோடு ஒண்டுகிற ஒரு மூலை. அங்கே கூரை ஒழுகும்.

துரை ஒண்டிக்கட்டையாக இருந்தவரைக்கும் யாரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. போன தையில் அவருக்குக் கல்யாணமாகி, சீமையிலிருந்து துரைசாணி வந்தாள். கூடவே ஏழு பெட்டித் துணியும் வந்தது. மழை பிடித்ததும் மேசைவிரிப்பு, போர்வை எல்லாவற்றிலும் பூசணம். துரைசாணி சுவர் சுவராகத் தொட்டுப் பார்த்து, கடைசியில் அந்தச் சுவரைக் கண்டுபிடித்துவிட்டாள். மருதாயியோ ஒரு நாள் தவறாமல் பாயைச் சுருட்டி மாவு டின்னுக்குப் பின்னால் செருகிவிடுகிறவள். அத்தனை சுத்தமாக வைத்திருந்ததால்தான் அறை சும்மா கிடக்கிறதென்று ஆகிவிட்டது. இதை நினைக்க அவளுக்குத் தன் மேலேயே எரிச்சல் வந்தது.

நாகலூரிலிருந்து பொன்னுவேல் ஆசாரி சில்வர் ஓக் பலகைகளோடு வந்தார். "தரையிலே இருந்து கூரை வரே ஆறு பலகே" என்று துரைசாணி தனக்குத் தெரிந்த தமிழில் சொல்லிவிட்டுப் போனாள். அளவுகோலை எடுத்துக் குனிந்த ஆசாரி, சுவரின் அடியில் எண்ணெய் ஏறிப்போன ஒரு கறையைப் பார்த்தார். ஒரு தலை அளவுக்கு இருந்தது.

"ஏனம்மிணி, இங்க யாரு படுக்கறது?"

மருதாயி பலகையின் மறுமுனையைப் பிடித்தபடி நின்றாள். கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டது.

"சரி, உடு. அடிப்பலகைய அடிக்காம, மத்ததை இடுப்பு ஒசரத்துக்கு மேல ஏத்திப்போடறன். தரையில இருந்தா கரையான் ஏறும்னு சொல்லிக்கலாம். செத்த படுத்துக் காட்டு, அளவு பாத்துக்கறன்."

படுத்தாள். முதுகு தரையில் பட்டதும் சுவரின் சூடு தோளில் ஏறியதும்தான் அவளுக்குத் தெரியும். பட்டப்பகலில், இடுப்பில் செருகிய ஈரத்துணியோடு அப்படியே தூங்கிப்போனாள்.

கண் விழித்தபோது மேலே ஐந்து பலகைகள் இருந்தன. சத்தம் வரக்கூடாதென்று ஆணியே அடிக்காமல் அத்தனையையும் திருகாணி போட்டு முடுக்கியிருந்தார் ஆசாரி.

"எழுப்பியிருக்கலாமுங்ணா" என்றாள் வெட்கத்தோடு.

"நொம்ப அசந்து தூங்குன. துரைசாணி வந்து பாத்தாங்க."

அவள் விருட்டென்று எழுந்து உட்கார்ந்தாள். "என்ன சொன்னாங்க?"

"கீழ்ப்பலகை வேண்டாம்னுட்டாங்க. இனி நீ இங்கயே படுத்துக்கலாமாம்."

மருதாயி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். மலைச்சாமி சேர்வராயன் இருக்கும் திசைக்கு ஒரு கும்பிடு போட்டாள். பதினோரு வருஷத் திருட்டுத்தனம் இன்றோடு தீர்ந்தது. இனிமேல் பாயை ஒளிக்க வேண்டியதில்லை.

அவள் கண்ணைத் துடைப்பதற்குள் துரைசாணி வந்துவிட்டாள். கையில் ஒரு பித்தளை மணியும் சுருட்டிய கம்பியும் இருந்தன. முகத்தில் உண்மையான சந்தோஷம்.

"மருதாயி! நீ இங்கே தூங்குறது எனக்குத் தெரியாது. நல்லது, நொம்ப நல்லது. துரை கிளப் போனா எனக்கு ராத்திரி பயம். தண்ணி வேணும், கணப்புக்கு விறகு வேணும், யாரைக் கூப்பிட? இனி மணி அடிக்கும், நீ வா."

ஆசாரி வேறு வழியில்லாமல் மணியை வாங்கி, கடைசிப் பலகையின் அடியில், அவள் தலைமாட்டுக்கு நேரே முடுக்கினார். கம்பி உத்தரத்தின் வழியாகப் படுக்கையறைக்குப் போனது. அங்கிருந்து துரைசாணி இழுத்துப் பார்த்தாள். மணி கணகணவென்று அடித்தது. மருதாயி முட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடினாள். போய் நின்றால், "சும்மா பாத்தேன்" என்று துரைசாணி சிரித்தாள்.

மருதாயி திரும்பி வந்து கதவு நிலையில் சாய்ந்துகொண்டாள்.

"ஏனுங்ணா, அந்தக் கீழ்ப்பலகையையும் அடிச்சுப்போடுங்க. நான் லைனுக்கே போயிக்கறனுங்க."

ஆசாரி அவள் முகத்தைப் பார்க்காமல் உளிகளைப் பையில் போட்டுக் கட்டினார்.

"இனி எங்க உன்னைய உடுவாங்க, அம்மிணி?"