நாற்பத்து மூன்று நொடி

எலக்ட்ரானிக் சாமான் விற்கும் எங்கள் அப்லியூ தெருவில் கடை போட்டிருக்கும் எவனும் முழுப் பொய் சொல்லமாட்டான். சொன்னால் வாங்கினவன் மறுநாளே பொருளைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்பான். நாங்கள் சொல்வதெல்லாம் உண்மைக்கு அடுத்த வீட்டில் குடியிருக்கும் சங்கதி. என்னுடையது இது: "கேபிள்ல வர்ற அதே நேரத்துக்கு இதுலயும் வரும் சார். ஒரு நொடி பிந்தாது."

நான் விற்பது உள்ளங்கையளவு கறுப்புப் பெட்டி. டிவிக்குப் பின்னால் செருகி வைஃபையைக் காட்டிவிட்டால் போதும். சீரியல், சினிமா, பந்து விளையாட்டு, குதிரைப் பந்தயம் எல்லாம் இணையத்திலிருந்து இறங்கி வரும். வீட்டில் டிவிக்குச் சண்டையென்றால் போனிலும் பார்த்துக்கொள்ளலாம். கேபிளுக்கு மாதாமாதம் அழவேண்டாம். இதை ஒரு நாளைக்கு நாற்பது தடவை மூச்சுவிடாமல் சொல்வேன். ஆனால் என் வீட்டில் இருந்தது கேபிள்தான். மிட்டாய்க் கடைக்காரன் மிட்டாய் தின்பானா என்ன?

ஒருநாள் கண்ணாடி போட்ட டீச்சரம்மா ஒருத்தி பெட்டியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "உங்க வீட்டுல இதுதான் வச்சிருக்கீங்களா?" என்று கேட்டாள். எனக்கு ஒரு நொடி நாக்கு ஒட்டிக்கொண்டது. அந்த ஒரு நொடியை அவள் பார்த்துவிட்டாள். பெட்டியை வைத்துவிட்டுப் போயே போய்விட்டாள்.

பக்கத்துக் கடை யிம் அக்காவுக்குக் கொண்டாட்டம். பழைய ரிமோட்டுகளைக் கருவாடு மாதிரி குவித்து வைத்து விற்பவள் அவள். எந்தக் காலத்து டிவிக்கும் அவளிடம் ரிமோட் உண்டு, எவர் முகத்துக்கும் ஒரு பட்டப்பெயரும் உண்டு.

"என்ன பூன், உன் வாய்க்குக் கூட சிக்னல் போயிடுமா?" என்றாள்.

"தொண்டை கட்டிக்கிச்சு அக்கா."

"தொண்டை இல்லடா, மனசாட்சி. பழக்கமில்லாத இடத்துல வந்து மாட்டிக்கிச்சு."

அந்த வாரமே கேபிளை வெட்டிவிட்டு ஒரு பெட்டியை வீட்டுக்கு எடுத்துப் போனேன். அங்கேதான் பிடித்தது சனி. சரியாகச் சொன்னால் ஞாயிறு.

என் வீடு அரசாங்கக் குடியிருப்பில் பதினோராம் மாடி. சுவருக்கு அந்தப் பக்கம் ஸீத்தோ. எழுபத்தாறு வயது, டிராம் ஓட்டி ஓய்வு பெற்றவர், கல்யாணம் என்ற வம்புக்கே போகாதவர். பதினோரு வருடத்தில் லிஃப்டில் நாங்கள் பேசிக்கொண்டதையெல்லாம் சேர்த்தால் ஒரு தீப்பெட்டியில் எழுதிவிடலாம். "சாப்ட்டாச்சா?" "ஆச்சு." "மழை வரும் போல." "வரும் வரும்." அவ்வளவுதான்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஷா டின் பந்தய மைதானத்தில் குதிரை ஓட ஆரம்பித்ததும் இரண்டு வீட்டுக்கும் நடுவே சுவர் இருக்காது. கடைசி வளைவில் அவர் "வாடா! வாடா! வெளியில வாடா!" என்று கத்துவார். நான் இங்கிருந்து "பிடி! பிடிச்சிக்கோ!" என்பேன். அவர் குதிரை ஜெயித்தால் சுவரில் ஒரு தட்டு. என் குதிரை ஜெயித்தால் நான் இரண்டு தட்டு. மறுநாள் லிஃப்டில் அதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. என் பெண்டாட்டி சுக் வா இங்கே இருந்தபோது, "ரெண்டு பைத்தியத்துக்கு நடுவுல அரசாங்கம் ஒரு சுவரைக் கட்டி வச்சிருக்கு" என்பாள். எங்கள் மகளுக்குப் பிரசவம் பார்க்க ஆறு மாதம் என்று சொல்லிவிட்டு அவள் லீட்ஸுக்கு விமானம் ஏறினாள். போய் நான்கு வருடம் ஆகிறது. பேரன் பள்ளிக்கூடம் போகிறான். அதற்குப் பிறகு என் வீட்டில் சத்தம் என்று ஒன்று கேட்பது ஞாயிற்றுக்கிழமைதான்.

பெட்டியைச் செருகிய முதல் ஞாயிறு. என் டிவியில் குதிரைகள் இப்போதுதான் கதவை விட்டுப் பாய்ந்து பாதியைக்கூடத் தொடவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம், "வாடா! வாடா!" அடுத்து ஒரு தட்டு. அப்புறம் அமைதி. நான் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தேன். எனக்கு இன்னும் வளைவே வரவில்லை. வந்தபோது வழக்கப்படி கத்தினேன். பதிலுக்கு அங்கே குழாயில் தண்ணீர் விழும் சத்தம்.

அடுத்த பந்தயத்தில் அவர் கத்தியதிலிருந்து என் டிவியில் வளைவு வரும்வரை போனில் நொடி எண்ணிப் பார்த்தேன். நாற்பத்து மூன்று நொடி. ஊரெல்லாம் நான் "பிந்தாது" என்று விற்ற அந்த ஒரு நொடிக்கு நாற்பத்திரண்டு குட்டிகள்.

இரண்டாம் ஞாயிறு வேறொரு ஆப்பில் போட்டேன், அறுபதானது. கேபிளையே திரும்பக் கேட்கலாம் என்று போன் செய்தால் அந்தப் பக்கம் ஒரு பெண், "பழைய கட்டடத்துக்குப் புது கனெக்‌ஷன் இப்ப தர்றதில்ல அங்கிள். நீங்க ஒரு டிவி பாக்ஸ் வாங்கிக்கலாமே? அப்லியூ தெருவுல சீப்பா கிடைக்கும்" என்றாள். நன்றி சொல்லி வைத்தேன்.

மூன்றாம் ஞாயிறு சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. டிவி ஓடுவது மட்டும் லேசாகக் கேட்டது. வளைவு வந்தது, மூக்கு முனையில் ஒரு குதிரை ஜெயித்தது. இப்படியொரு பந்தயத்துக்குச் செத்தவனும் எழுந்து உட்காருவான். ஸீத்தோ வாயைத் திறக்கவில்லை. நானும் கத்திப் பார்த்தேன், என் குரல் எனக்கே கூச்சமாக இருந்தது.

விஷயம் யிம் அக்கா மூலமாக வந்தது.

"உங்க மாடிக் கிழவர் பேட்டரி வாங்க வந்தாரு. உன் மேல கொலைவெறியில இருக்காரு."

"நான் என்ன பண்ணேன்?"

"அவர் கத்தி முடிச்சதும் நீ ஒரு நிமிஷம் கழிச்சு அதே மாதிரி கத்திக் காட்டுறியாமே. கிளி மாதிரி. 'வயசானவன் ஒருத்தன் தனியா கத்துறது அவனுக்கு வேடிக்கையா இருக்கு'ன்னாரு. எட்டு பேட்டரி வாங்க வந்தவரு ரெண்டோட போயிட்டாரு. உன்னால எனக்கு ஆறு பேட்டரி நஷ்டம்."

அன்று சாயங்காலம் கடையை முன்னதாகவே மூடிவிட்டு ஒரு புதுப் பெட்டியோடு ஸீத்தோ வீட்டு மணியை அடித்தேன். மரக்கதவைத் திறந்தார், இரும்புக் கதவைத் திறக்கவில்லை. கம்பிகளுக்கு நடுவே மூக்கு மட்டும் தெரிந்தது.

"என்ன?"

"அண்ணே, நான் கிண்டல் பண்ணல. கேபிளை எடுத்துட்டேன். என் பொட்டி லேட்டா காட்டுது. நீங்க பாத்து முடிச்ச அப்புறம்தான் எனக்குக் குதிரையே வருது."

"நீதானே கடையில தொண்டை கிழியக் கத்துற, ஒரு நொடி பிந்தாதுன்னு? நானே கேட்டிருக்கேன்."

"அது வியாபாரம்ணே."

"சரி. இப்ப சொல்றது வியாபாரமா, நெசமா?"

முப்பது வருடமாக எத்தனையோ பேர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. ஒருவரும் கேட்டதில்லை. பெட்டியைக் கம்பி வழியாக நீட்டினேன்.

"இதைப் போட்டுக்கோங்க. ரெண்டு பேரும் சேந்தே லேட்டா பாப்போம். காசு வேணாம்."

கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். "அப்லியூ தெருக்காரன் சும்மா குடுக்கறானா? உள்ள என்னடா வச்சிருக்க, குண்டா?"

"அப்ப நூறு டாலர் குடுங்க."

"நூறா? இதை நீ அறுநூறுக்கு விக்கிற. நூறுக்குக் குடுத்தா ரிப்பேர்னு அர்த்தம். ஐந்நூறு."

"ஐந்நூறெல்லாம் வாங்கமாட்டேன். நூத்தம்பது."

"நானூறு. அதுக்குக் கீழ பேசினா கதவைச் சாத்திடுவேன்."

"அண்ணே, உங்களுக்காக இருநூறு. இதுக்கு மேல எனக்குக் கட்டுப்படியாகாது."

"முந்நூறு. கடைசி விலை."

முந்நூறுக்கு முடிந்தது. விலையைக் குறைக்கச் சொல்லி வாங்குபவனிடம் விற்பவன் கெஞ்சியதை என் அப்பா பார்த்திருந்தால் அன்றே என்னைத் தத்துக் கொடுத்திருப்பார்.

இரும்புக் கதவு திறந்தது. பதினோரு வருடத்தில் முதல் தடவை உள்ளே போனேன். என் வீட்டைக் கண்ணாடியில் பார்த்த மாதிரி அதே அளவு, எல்லாம் இடம் மாறி. டிவிக்கு முன்னால் ஒரே ஒரு ஸ்டூல். நான் நின்றபடியே ஆப்பைப் போட்டுக் கொடுத்து, ரிமோட்டில் எதை அழுத்தினால் எது வரும் என்று காட்டினேன். எதிர்ச் சுவரில் டிராம் கம்பெனி கொடுத்த கடிகாரம், பக்கத்தில் ஒரு சீருடைப் போட்டோ. ஆப்பில் பழைய பந்தயங்கள் வருடவாரியாக அடுக்கியிருப்பதையும் போகிறபோக்கில் காட்டினேன். விற்பவனுக்கு வாய் சும்மா இருக்குமா?

ஞாயிறு வந்தது. ஒரே ஆப், ஒரே மாதிரிப் பெட்டி, இருந்தும் அவருக்கு நான்கு நொடி பிந்தியது. நான் சுவரில் வாயை வைத்து, "அண்ணே, கதவு திறக்கும்போது ஒரு குரல் குடுங்க!" என்றேன். அவர், "இப்ப!" என்றார். என்னுடையதை நான்கு நொடி நிறுத்தி, திரும்ப ஓடவிட்டேன். சரியாகப் பொருந்தியது. ஊரே பார்த்து முடித்துக் கலைந்துபோன பந்தயத்தை நாங்கள் இரண்டு பேர் மட்டும் ஒன்றாகப் பார்த்துக் கத்தினோம். அன்றைக்கு ஓடிய எட்டிலும் தொண்டை போயிற்று. "சிரிக்கும் தேநீர்" என்ற என் குதிரை ஜெயித்தபோது இரண்டு தட்டு தட்டினேன். அந்தப் பக்கத்திலிருந்து, "சுவரை உடைச்சிடாதடா, பொட்டிக்காரா!" என்றார். பதினோரு வருடத்தில் சுவர் வழியாக அவர் என்னிடம் நேராகப் பேசியது அன்றுதான். சாயங்காலம் சுக் வா வீடியோவில் வந்தபோது, "என்ன, குரல் கம்மியிருக்கு, ஜலதோஷமா?" என்றாள். ஆமாம் என்றேன்.

அடுத்த ஞாயிறும் அப்படியே. அதற்கடுத்த ஞாயிறு முதல் பந்தயத்துக்கு நான் சுவரில் காதை வைத்துக் காத்திருந்தேன். "இப்ப!" வரவில்லை. இரண்டாவதற்கும் வரவில்லை. மூன்றாவதற்கும் வரவில்லை. தனியாக இருக்கும் எழுபத்தாறு வயது ஆள். செருப்புக்கூடப் போடாமல் ஓடிப்போய் மணியை அடித்தேன், இரும்புக் கதவை ஆட்டினேன்.

மரக்கதவு திறந்தது. வாயில் நூடுல்ஸ் தொங்க நின்றார்.

"என்னடா, தீப்பிடிச்சிடுச்சா?"

"ரேஸ் ஓடுதுண்ணே! மூணாவது முடியப்போகுது!"

"ஓ, இன்னிக்கு ஞாயிறா?" என்று திரும்பிச் சுவரைப் பார்த்தார், கிழமையை அந்தக் கடிகாரம் சொல்லும் என்பதுபோல. "அதை அப்புறமா பாத்துக்கலாம். அது எங்க ஓடிடப் போகுது?"

டிவியில் நீர்த்திவலை படிந்த மாதிரி மங்கலான படம். ஜாக்கிகள் எல்லார் தலையிலும் பழைய காலத்துத் தொப்பி. 

"தொண்ணூத்தி மூணாம் வருஷத்து ரேஸ்," என்றார் ஸீத்தோ. ஏதோ ஊருக்குப் போய் வந்த மாதிரி முகம் பளபளத்தது. "முப்பத்தோரு வருஷம் டிராம் ஓட்டினேன்டா. ஞாயித்துக்கிழமை ஆனா எனக்குத்தான் ட்யூட்டி போடுவானுங்க. பெண்டாட்டி புள்ள இல்லாதவனுக்கு எதுக்கு லீவு? ஹாப்பி வேலி மைதானத்துல ரேஸ் பாத்துட்டு வர்ற ஒவ்வொருத்தனும் வண்டியில ஏறி, எது ஜெயிச்சது, எப்படி ஜெயிச்சதுன்னு என் முதுகுக்குப் பின்னால பேசுவான். திரும்பிப் பாக்கக்கூடாது, வண்டி ஓட்டுறேன் இல்ல? இப்ப எல்லாத்தையும் இதுல வச்சிருக்கான். ஒண்ணொண்ணா பாத்துக்கிட்டு வர்றேன். இன்னும் எவ்வளவோ பாக்கி இருக்கு."

"கூட நான் கொஞ்ச நேரம்..." என்று ஆரம்பித்தேன்.

அவர் ஸ்டூலைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

"உனக்கு நாலாவது ஆரம்பிச்சிருக்கும், போ," என்றார். கடுப்பாக இல்லை, நல்ல மாதிரியாகவே சொன்னார். "நல்ல பொட்டி குடுத்தே. ஐந்நூறே தகும்."

திரும்பி வந்து நாலாவதைப் பார்த்தேன். நிறுத்தி ஓடவிட வேண்டிய அவசியம் இல்லை. எது ஜெயித்தது என்று இப்போது நினைவில்லை.

அதற்குப் பிறகு சுவருக்கு அந்தப் பக்கம் சத்தம் குறையவில்லை, நாளும் நேரமும்தான் போய்விட்டன. செவ்வாய்க்கிழமை பல் தேய்க்கும்போது, "வாடா வாடா!" புதன்கிழமை நான் சோறு வடிக்கும்போது ஒரு தட்டு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மட்டும் குறட்டை. விடிய விடியப் பார்ப்பார்போல. 

யிம் அக்காவிடம் சொன்னேன். அவள் ஒரு ரிமோட்டின் முதுகைக் கழற்றி ஊதிக்கொண்டே, "உன் சரக்கு வேலை செஞ்சு நீ வருத்தப்பட்டு இப்பதான் பாக்குறேன்" என்றாள். அப்புறம், கிண்டல் இல்லாத குரலில், "அவர் எந்த வருஷத்துல இருக்காருன்னு கண்டுபிடிச்சு நீயும் அங்க போயேன்" என்றாள்.

எனக்கும் அது தோன்றாமல் இல்லை. ஒரு வியாழக்கிழமை காலை, கடை திறக்க இன்னும் நேரம் இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் குதிரைகள் கிளம்பின. ஸீத்தோ, "வெள்ளி மணி! வெளியில வாடா வெள்ளி மணி!" என்று கத்துவது கேட்டது. பெயர் கிடைத்துவிட்டது. ரிமோட்டை எடுத்து ஒவ்வொரு எழுத்தாகத் தேடினேன். தொண்ணூற்று ஐந்தில் ஒரு வெள்ளி மணி, தொண்ணூற்று ஆறில் ஐந்து பந்தயத்தில் வெள்ளி மணி. எது? மைதானம் சேறாக இருக்கிறது என்று வர்ணனைக்காரன் சொன்னது சுவர் வழியாகக் கேட்டிருந்தது. சேறாக இருந்த பந்தயத்தைத் தேடிப் பிடித்து ஓடவிட்டேன். 

அதேதான். அதே வர்ணனைக் குரல். வெள்ளி மணி ஏழாவதாக ஓடிக்கொண்டிருந்தது, கடைசி வளைவில் வெளிப்பக்கமாக வந்தது. நான் எழுந்து நின்று கத்தினேன். ஒவ்வொன்றாகத் தாண்டி வந்து, அரை உடம்பு முன்னால் ஜெயித்தது. சுவரில் இரண்டு தட்டு தட்டினேன்.

அந்தப் பக்கம், அடுத்த பந்தயத்துக்குக் குதிரைகள் கதவுக்குள் போய்க்கொண்டிருப்பதாக வர்ணனைக்காரன் சொல்லிக்கொண்டிருந்தான்.