வெயில் மேல பழி

கரியப்பனுக்கு ஒண்ணு புரியலைன்னா உடனே வெயில் மேல பழி போட்டுடுவான். "எல்லாம் பிசிலு, அம்மா. இந்த வெயில்ல மனுஷாளே நிக்க முடியலை, கார் என்ன பண்ணும்?" மைசூர்ல பெரிய மெக்கானிக்னு பேர் வேற! பெட்ரோல் பம்பை மாத்தினான், காயிலை மாத்தினான், பெட்ரோல் குழாய்க்கு ஈரத்துணி சுத்தினான். ஒரு பிரயோஜனமும் இல்லை. கார்த்தால நான் டீச்சரா இருக்கிற ஸ்கூல் வரைக்கும் நன்னா ஓடும். மத்தியானம் ஊரைத் தாண்டினா முக்கும், முனகும், நின்னுடும். நான் இறங்கி நாலு திட்டு திட்டி, பெட்ரோல் இருக்கான்னு டாங்கைத் திறந்து குச்சி விட்டுப் பார்த்துட்டு ஏறினா, ஒண்ணுமே நடக்காத மாதிரி கிளம்பும்.

எங்காத்துக்காரர் போய் வருஷம் திரும்பினதும் அண்ணா பராசரன் பெங்களூர்லேர்ந்து வந்துட்டான். "பத்மாஸினி, காரை வித்துட்டு எங்களோட வந்து இரு. தனியா என்ன பண்ணப் போறே?" சுதந்திரம் நாட்டுக்கு வந்தது, எனக்கு வரலை போலிருக்கு. அங்கே போனா மன்னி சமையல்கட்டுல நான் ஒரு கூடுதல் கை, அவ்வளவுதான்.

"மேல்கோட்டை போயிட்டு வரலாம் வா. வழியில நின்னா நீயே வித்துடு"ன்னேன் ரோஷமா.

ஸ்ரீரங்கப்பட்டணம் தாண்டினோம். பிரெஞ்சு ராக்ஸ்ங்கற ஊரும் தாண்டியாச்சு. மனசுக்குள்ள பெருமாளுக்கு நன்றி சொல்ல ஆரம்பிச்சேன், கார் இருமித்து. பொட்டல் நடுவுல நின்னுடுத்து.

அண்ணா இறங்கினான். குடையை விரிச்சுண்டு ரோட்டோரம் நின்னான். அது திட்டறதைவிட மோசம்.

குச்சியை எடுத்துண்டு பின்னால போனேன். "கார்த்தாலதானே ரொப்பினோம்? எதுக்குத் திறக்கறே?"ன்னான். நியாயம்தான். திறக்கலை. என்ஜின் ஆறட்டும்னு உட்கார்ந்தோம். நன்னா ஆறித்து. ஆனாலும் கிளம்பலை. எனக்கு அழுகையே வந்துடுத்து. எப்பவும் இதுக்குள்ள கிளம்பிடுமே, இன்னிக்கு என்ன கேடு?

அப்பத்தான் உறைச்சுது. இன்னிக்கு நான் மூடியைத் திறக்கலை.

ஓடிப்போய்த் திருகினேன். புஸ்ஸுனு காத்தை உள்ளே இழுத்துது. ஏறி முடுக்கினேன், உடனே பிடிச்சுண்டுது.

பெட்ரோல் குறையக் குறைய டாங்குக்குள்ள காத்து போகணும். அதுக்குத்தான் மூடியில ஒரு ஊசித் துவாரம். அது அடைஞ்சா பம்பு எவ்வளவு உறிஞ்சினாலும் பெட்ரோல் வராது. வெயில்ல குழாய்ல இருக்கிறதும் ஆவியாயிடும். மூடியோட மேல்பக்கத்தைப் பார்த்தேன். துவாரத்து மேல வெள்ளையா, கல்லு மாதிரி காய்ஞ்சு கிடந்தது.

அண்ணா விரலால தொட்டுப் பார்த்தான். "இது திருமண்ணா? யார் இட்டா?"

"நான்தான்."

சொல்லாம என்ன பண்றது? அவர் கை நடுங்க ஆரம்பிச்சதுலேர்ந்து தினம் என் உள்ளங்கையில திருமண் குழைச்சு அவர் நெத்தியில இட்டுவிடுவேன். அவர் போனப்புறமும் குளிச்சுட்டு வந்தா கை தானா குழைச்சுடும். குழைச்சதை எங்கே கொண்டுபோய் வைக்கறது? அவர் ஆசை ஆசையா வாங்கின கார். முன்னால இட்டா தெருவே சிரிக்கும். பின்னால பெட்ரோல் மூடியை யார் பார்க்கப்போறா? கரியப்பன் பார்த்திருப்பான். தெய்வ சமாசாரம், தொடப்படாதுன்னு சுத்தித் துடைச்சுட்டு விட்டிருப்பான்.

அண்ணா சிரிக்கலை. நான் கொண்டை ஊசியால சுரண்டறதைப் பார்த்துண்டே நின்னான். "கார் உன்கிட்டயே இருக்கட்டும்மா"ன்னான்.

மேல்கோட்டை போய்ச் சேவிச்சுட்டு, நல்ல வெயில்ல திரும்பினோம். ஒரு இடத்துலயும் நிக்கலை. மறுநாள் முதல் ரயிலுக்கு அவனைக் கொண்டுபோய் விட்டேன். வண்டி நகர்ந்ததும் எனக்குத் தலைகால் புரியலை. ஜெயிச்சுட்டேனே!

ஆத்துக்கு வந்து குளிச்சேன். கை குழைச்சுடுத்து. நேரா கார் பக்கம் போய், பின்னால குனிஞ்சப்பறம்தான் இனிமே இங்கே இடப்படாதுன்னு ஞாபகம் வந்தது. நிமிர்ந்து சுத்திலும் பார்த்தேன். அவ்வளவு பெரிய ஆத்துல இடறதுக்கு ஒரு நெத்தி இல்லை. திருமண் உள்ளங்கையிலயே காய்ஞ்சு இழுக்க ஆரம்பிச்சுடுத்து. குழாயடியில போய்க் கழுவினேன். அவர் போயிட்டார்ங்கறது எனக்கு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது.