வலது பக்கத்து சீட்

குத்துக்கல்வலசை நாறும்பூநாதன் வீட்டு ஜீப்புக்கு அவர் மனைவி குழல்வாய்மொழி வைத்திருந்த பெயர் சக்களத்தி. வாய்விட்டுச் சொன்னதில்லை. மனசுக்குள் அழைக்கிற பெயர் அது.

சண்டைக் காலத்தில் பட்டாளத்துக்காரர்கள் ஓட்டித் தேய்த்து, பிறகு செங்கோட்டைக்கு மேலே ஒரு எஸ்டேட்காரர் மலையெல்லாம் ஏற்றி இறக்கித் தேய்த்து, இனிமேல் தேய ஒன்றுமில்லை என்றான பிறகு நாறும்பூநாதன் கைக்கு வந்த வண்டி. மைல் காட்டுகிற முள் எத்தனை சுற்றுச் சுற்றியதோ, அலுத்துப்போய் ஒரே இடத்தில் படுத்துவிட்டது. ஆசாரியை வைத்துப் பின்னால் மரக்கூண்டு கட்டி, எதிரும் புதிருமாக இரண்டு பெஞ்சு போட்டு, அதைக் குடும்ப வண்டி ஆக்கினார். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று ஊர் சிரித்தது. அறுபதாம் வருஷம் வாங்கினார். அதற்குப் பிறகு அவர் வயலில் நின்ற நேரத்தைவிட வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்த நேரம்தான் அதிகம்.

அதில் இன்னொரு கோளாறும் உண்டு. அமெரிக்காக்காரன் செய்த வண்டியாதலால் ஸ்டியரிங் இடது பக்கம் இருந்தது. முன்னால் போகிற பஸ்ஸை முந்த வேண்டுமென்றால் ஓட்டுகிறவருக்கு எதிரே வருவது தெரியாது. வலது பக்கம் உட்கார்ந்திருப்பவர் எட்டிப் பார்த்து, 'போகலாம்' என்றோ 'பொறுங்க' என்றோ சொல்ல வேண்டும். அந்த சீட் ஆம்பிளைகளுடையது. பக்கத்து வீட்டு அய்யாக்குட்டி அதற்குப் பட்டா வாங்கியவர் மாதிரி நடந்துகொள்வார். பெண்டுபிள்ளைகள் தூக்குவாளிகளோடும் துணி மூட்டைகளோடும் பின்னால் குலுங்கிக்கொண்டு போக வேண்டியதுதான். குழல்வாய்மொழிக்கும் அதில் மாற்றுக் கருத்து இருந்ததில்லை.

அவள் கழுத்தில் தாலி ஏறின நாள் முதல் புருஷனைப் பேர் சொன்னவள் அல்ல. சொன்னால் அவர் ஆயுசு குறையும். கோயிலில் அர்ச்சனைக்குப் பேர் கேட்டால்கூட மகள் இராமலட்சுமியின் விலாவில் இடித்து அவளைச் சொல்லவைப்பாள். 'இங்கேருங்க' என்று கூப்பிடவும் கூச்சம். அவளுக்கு வளையல் இருந்தது. அடுக்களை வாசலில் நின்று கையை ஒரு உதறு உதறினால் அவர் திரும்புவார். சோற்றுக்கு ஒரு உதறல், ஆள் வந்திருந்தால் இரண்டு. கல்யாணமான புதிதில், யாருமில்லாத நேரத்தில், காரணமே இல்லாமல் உதறுவதும் உண்டு. அதற்கும் அவர் திரும்பியிருக்கிறார், சிரித்தும் இருக்கிறார்.

போன கார்த்திகைக்குப் பிறகு அவர் திரும்புவது நின்றுபோயிற்று.

முதலில் வேலை மும்முரம் என்று நினைத்தாள். கண்ணாடி வளையல் இன்னும் ஒரு டஜன் போட்டுக்கொண்டு பார்த்தாள். உதறி உதறி இரண்டு உடைந்ததுதான் மிச்சம். ஆனால் அந்த வண்டி லேசாக முனகினால் போதும், மனுஷன் ஓடிப்போய் பானெட்டின்மேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். "பம்ப்பு பேரிங் போயிட்டு" என்பார். போய்த்தான் இருக்கும். காய்ச்சல்காரப் பிள்ளையைத் தொட்டுப் பார்ப்பதுபோல அவர் அதைத் தொடுவதைப் பார்க்கையில் அவளுக்கு வயிறு எரியும். தை மாசத்தில் வண்டிக்கு இரண்டு பக்கமும் வட்டக் கண்ணாடி வேறு வாங்கி மாட்டினார், ஒவ்வொன்றும் சாப்பாட்டுத் தட்டு அகலம். 'ஆமா, சிங்காரிச்சுப் பொட்டும் வச்சு விடுங்க' என்று முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போய்ப் பாத்திரங்களை நங்கு நங்கென்று வைத்தாள்.

மனசு விட்டுப்போனவருடன் என்னத்துக்கு மல்லுக்கட்ட வேண்டும்? கீழப்பாவூரில் அவள் அண்ணன் நல்லதம்பி இருந்தார். ஆடி மாசச் சுவாதி நட்சத்திரத்துக்கு அங்கே நரசிம்மரைக் கும்பிடப் போவது வருஷா வருஷம் உள்ளதுதான். இந்தத் தடவை போனால் திரும்புவதில்லை, அவராக வந்து கூப்பிட்டால் பார்க்கலாம் என்று முடிவு செய்தாள். மாற்றுச் சேலைகளைத் தகரப் பெட்டியில் அடுக்கினாள். அடுக்கும்போது அழுதாள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

சுவாதிக்கு முந்தின வாரம் குற்றாலத்தில் நல்ல சாரல். எல்லாருமாகக் குளிக்கப் போனார்கள். திரும்பி வரும்போது, நனைந்த ஃபேன் பெல்ட்டோ என்னமோ, வண்டி 'கீ...ச்' என்று கத்தத் தொடங்கியது. சாதாரணக் கத்தல் இல்லை. ரோட்டோரம் பலாச்சுளை விற்கிறவள் காதைப் பொத்திக்கொண்டாள். மாடு ஒன்று பூட்டின வண்டியோடு வாய்க்காலுக்குள் இறங்கப் பார்த்தது. பின்பெஞ்சில் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். முன்னால் அய்யாக்குட்டி மட்டும் தலைதுவட்டின துண்டை வாயில் வைத்துக்கொண்டு தூங்கிப்போயிருந்தார். அவரை எழுப்ப இடி விழ வேண்டும்.

"இன்னைக்கித்தான் வண்டி வெண்ணெயா வழுக்கிட்டுப் போவுது" என்றார் நாறும்பூநாதன், தனக்குத்தானே.

தென்காசியில் கிதிர் முகம்மது தன் பட்டறையை விட்டு ரோட்டுக்கே வந்து கை காட்டி நிறுத்தினார். வண்டியின் வைத்தியமெல்லாம் அவர்தான்.

"என்ன அண்ணாச்சி, அங்கன வரும்போதே ஊரைக் கூட்டுது! இந்தக் கீச்சு எத்தன நாளா இருக்கு?"

"எந்தக் கீச்சு?" என்றார் நாறும்பூநாதன். கிதிர் முகம்மதுவின் முகத்தைப் பார்த்தவர் சட்டென்று, "ஆமா ஆமா, ரெண்டு நாளா இருக்கு. பாத்துட்டுத்தான் இருக்கேன்" என்றார்.

காலையில் இல்லாத கீச்சு ரெண்டு நாளாக எப்படி இருக்கும்? கிதிர் முகம்மது பெல்ட்டில் சோப்புக்கட்டியைத் தேய்த்துவிட்டார். குழல்வாய்மொழி பின்பெஞ்சில் ஈரத்தலையோடு உட்கார்ந்து கணவரின் பிடரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். சோப்பு தேய்த்ததும் சத்தம் நின்றது. அது நின்றதும் அவருக்குத் தெரியவில்லை. "ஸ்டார்ட் பண்ணிப் பாக்கட்டா?" என்று கேட்டார், ஓடிக்கொண்டிருந்த வண்டியில் உட்கார்ந்துகொண்டே. கிதிர் முகம்மது ஏறிட்டுப் பார்த்ததும் ஸ்டியரிங்கில் கை வைத்து அதிர்வைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்.

மறுநாள் காலை. வண்டி தொழுவத்துக்கு முன்னால் நின்றது. அவர் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து கண்ணாடியின் திருகாணியை முடுக்கிக்கொண்டிருந்தார். குழல்வாய்மொழி காப்பியோடு போய் வண்டிக்குப் பின்னால் நின்றாள். கையை உதறினாள். திரும்பவில்லை. இன்னொரு முறை, வளையல் உடைகிற மாதிரி உதறினாள். முதுகு அசையவில்லை.

சுற்றிலும் பார்த்தாள். மகள் கிணற்றடியில் இருந்தாள்.  குழல்வாய்மொழி வாயைத் திறந்து, பிறந்து இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, சொன்னாள்:

"நாறும்பூநாதன்."

அந்த ஊரில் பெண்டாட்டி வாயில் தன் பேரைக் கேட்ட எந்தப் புருஷனும் துள்ளி விழுவான். அவர் திருகாணியை முடுக்கினபடியே இருந்தார்.

சொன்னால் நம்ப மாட்டீர்கள், அவளுக்கு முதலில் வந்தது சந்தோஷம். மனசு விட்டுப்போகவில்லை, காதுதான் போயிருக்கிறது! சிறு சத்தமெல்லாம் போய்விட்டது. உறுமல் மட்டும் கைவழியாக, காலடி வழியாக அவருக்குள் போகிறது. பேச்சையெல்லாம் எதிராளி உதட்டைப் பார்த்தே சமாளித்திருக்கிறார். அந்தச் சந்தோஷம் காப்பி ஆறுகிற நேரம்கூட நிற்கவில்லை. சீ, கட்டினவருக்குக் காது போனதற்கா சந்தோஷப்படுகிறேன் என்று கூசினாள். இத்தனை மாசம் கரித்துக் கொட்டினோமே என்று அழுகை வந்தது. அதற்குப் பின்னாலேயே பயம் வந்தது. மலையிலிருந்து மரம் ஏற்றி வரும் லாரிகள் பின்னால் ஆரன் அடித்துக்கொண்டு வருமே? தட்டு அகலக் கண்ணாடி எதற்கென்று அப்போதுதான் விளங்கிற்று. வண்டியை ஓட்டாதீர்கள் என்று சொல்லிவிடலாம். சொன்னால் நாளைக்கே விற்றுவிட்டு மூலையில் உட்காருவார். ஊரும் அவரை நாறும்பூநாதன் என்று சொல்லாது, 'செவிட்டு அண்ணாச்சி' என்று சொல்லும்.

காப்பியைக் கொண்டுபோய் அவர் கண்ணில் படும்படி நீட்டினாள். வாங்கிக் குடித்தார். 

சுவாதியன்று அய்யாக்குட்டி புது வேட்டி கட்டி, ஆள் முந்துவதற்குள் வந்து வலது பக்கத்து சீட்டில் கையை வைத்தார். குழல்வாய்மொழி குறுக்கே நின்றாள்.

"அண்ணாச்சி, நீங்க பின்னால இருங்க. நான் இங்கன உக்காருதேன்."

"மைனி, இது ஆம்பளையாளு உக்காந்து ரோட்டைப் பாத்துச் சொல்லுத சீட்டுல்லா?"

"நீங்க ரோட்டையா பாக்குதிய? குத்தாலத்துலேருந்து கொறட்டை விட்டுட்டுல்லா வந்திய. எனக்குக் கண்ணு நல்லாத் தெரியும்."

தெருவே வாசலுக்கு வந்தது. பொம்பளை முன்னால ஏறுதா என்று யாரோ சிரித்தார்கள். நாறும்பூநாதன் அவளைப் பார்த்தார், சிரித்தவர்களைப் பார்த்தார், சீட்டிலிருந்த தூசியைத் துண்டால் தட்டிவிட்டார்.

"அம்மா, ஒம் பொட்டிய ஏத்தலையே?" என்று மகள் உள்ளிருந்து கத்தினாள்.

"சாமி கும்பிட்டுட்டு வாரதுக்கு எதுக்குட்டி பொட்டி? உள்ள வையி."

திருநெல்வேலி ரோட்டில் ஏறினதும் பின்னால் ஒரு லாரி ஆரன் அடித்தது. குழல்வாய்மொழி இடது கையை நீட்டி அவர் முழங்கைக்கு மேலே ஒரு அழுத்து அழுத்தினாள். அத்தனை பேர் பார்க்க அவரைத் தொட்டது அதுதான் முதல் தடவை. அவர் கண்ணாடியைப் பார்த்துவிட்டு வண்டியை ஓரம் வாங்கி வழிவிட்டார். லாரி போயிற்று. கொஞ்ச தூரத்தில் ஒரு பஸ், இன்னொரு அழுத்து. முன்னால் வைக்கோல் வண்டி போனபோது அவள் எட்டிப் பார்த்து அவர் கண்முன்னால் கையை வீசிக் காட்டினாள், அவர் முந்தினார். பாவூர்சத்திரம் வருவதற்குள் இரண்டு பேருக்கும் அது பழகிவிட்டது. பின்னால் அய்யாக்குட்டி குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

கீழப்பாவூருக்குத் திரும்புகிற பாதையில் வண்டி ஏதும் இல்லை. அவர் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்:

"அன்னைக்கிக் காலைல கண்ணாடியில பாத்தேன், குழலு. வளையல ஆட்டுன. பொறவு எம்பேரச் சொன்ன."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "பாத்தியளா? பொறவு ஏன் திரும்பல?" என்றாள். அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்ததால் அவள் உதடு அவருக்குத் தெரியவில்லை. கேள்வி என்னவென்று மட்டும் தெரிந்திருந்தது.

"வாயக் குவிக்காம எம்பேர்ல 'பூ' வராதுல்லா, அதான் கண்டுக்கிட்டேன். திரும்பியிருந்தா எனக்குக் காது கேக்குன்னு நீ நெனச்சிருப்ப. காது போயிட்டுன்னு வாயத் தொறந்து சொல்ல எனக்கு வரல. அதான் திரும்பாம இருந்தேன்."

குழல்வாய்மொழிக்குக் கண் நிறைந்து ரோடு மறைந்தது. பதில் சொன்னாலும் கேட்காது. கையை நீட்டி அவர் முழங்கைக்கு மேலே அழுத்தினாள்.

அவர் உடனே வண்டியை ஓரம் வாங்கி வழிவிட்டார். பின்னால் ஒரு வண்டியும் வரவில்லை. கண்ணாடியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், சிரித்தார்.