தலைப்பில் வாழ்த்துகள்

அலுவலகத்தில் அவளுக்குச் சல்லடை என்று பெயர். வருகிற மெயிலில் குப்பையைத் தனியாகப் பிரிப்பது அவள் வேலை. சந்தேகமானவற்றை எந்திரம் நிறுத்தி வைக்கும். அந்தப் பட்டியல் தினமும் மேலாளருக்குப் போகும். அவர் விட்டால்தான் உரியவருக்குப் போய்ச் சேரும். அவளும் பட்டியலைப் பார்க்கலாம். பார்ப்பதில்லை. மற்றவர்களுடைய கடிதங்கள் ஆயிற்றே.

இந்த ஏற்பாட்டைச் செய்தவளே அவள்தான். தலைப்பில் வாழ்த்துகள் என்று வந்தால் தொடவே கூடாது என்று எல்லோரையும் உட்கார வைத்து வகுப்பும் எடுத்தாள். நாலு பேர் முன்னால் அவள் சேர்ந்தாற்போல் பத்து நிமிடம் பேசியது அன்றைக்குத்தான்.

வேதியியல் ஆய்வுப் படிப்புக்கு விண்ணப்பித்து நாலு மாதம் ஆகியிருந்தது. அலுவலக மெயில் முகவரியைக் கொடு, ஒரு மதிப்பாக இருக்கும் என்று சொன்னது அக்கா. வீட்டுக்குள் கால் வைத்ததும் கேட்பதும் அவள்தான்.

"வந்துச்சாடி?"

"இல்லக்கா."

"ஒரு ஃபோன் பண்ணிக் கேளேன். வாயத் திறந்தா முத்து உதிர்ந்துடுமா?"

மறுநாள் மதியம், மாடிப்படியில் நின்று பல்கலைக்கழகத்துக்கு ஃபோன் செய்தாள்.

"அனுப்பிப் பதினாறு நாளாச்சுங்க," என்றது ஒரு பெண்குரல். "பத்து நாளுக்குள்ள சம்மதம் சொல்லணும்னு போட்டிருந்தோமே. அடுத்த ஆளுக்குக் கொடுத்துட்டோம்."

பட்டியலைத் திறந்தாள். இருந்தது. தலைப்பு: வாழ்த்துகள்.

மேலாளர் அறைக்குப் போனாள். "சார், எனக்கு வந்த மெயில் ஒண்ணு நின்னுருக்கு. ஆய்வுப் படிப்புக்கு எடம் கெடச்சிருந்தது."

"அடடா. வாழ்த்துகள்னு வந்தா தொடாதீங்கன்னு நீதானேம்மா பாடம் எடுத்த? நான் தொடவே இல்லையே."

தன் விதி தன்னையே அடித்தது என்று அதோடு விழுங்கியிருப்பாள். ஆனால், நிறுத்தி வைத்த மெயிலை யார் எப்போது திறந்தார்கள் என்பதையும் எந்திரம் குறித்து வைக்கும். அதை அவள் வகுப்பில் சொல்லவில்லை.

இடத்துக்கு வந்து அந்தக் குறிப்பைத் திறந்தாள். மேலாளர் மூன்று முறை திறந்திருந்தார். முதல் நாள், இணைப்போடு சேர்த்து. ஐந்தாம் நாள் ஒருமுறை. கடைசியாகப் பத்தாம் நாள் மாலை.

பதினோராம் நாள் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. எல்லோர் முன்னாலும், "நீ இல்லன்னா இந்த ஆபீஸ் நாறிடும்மா" என்று சொன்னார். அன்று முழுக்க அவளுக்குத் தலை கால் புரியவில்லை.

மேசை ஃபோன் அடித்தது. மேலாளர்.

"ஏம்மா, என் மச்சான் மெயிலும் அதுல மாட்டிக்குது. நம்பிக்கையானவங்க பட்டியல்ல அவனச் சேத்து விடேன்."

திரையில் அந்த மூன்று வரிகளும் அப்படியே இருந்தன.

"சரி சார்."

சேர்த்துவிட்டாள்.

வீட்டில் அக்கா கதவைத் திறந்தபடியே கேட்டாள்.

"வந்துச்சாடி?"

"வந்துச்சுக்கா."

அக்காவின் முகம் மலர்வதைப் பார்க்க முடியாமல், செருப்பைக் கழற்றக் குனிந்தாள்.