லாம்பெர் பேசிவிட்டான்

படம் தொடங்கி நான்காவது நிமிடத்தில் லாம்பெர் வாயைத் திறந்தான்.

மரியெத் இருக்கையில் நிமிர்ந்தாள். அவளுடைய அப்பா அஷீல் வரைந்த இருபத்திரண்டு காமிக்ஸ் புத்தகங்களிலும் படகுக்காரன் லாம்பெர் ஒரு வார்த்தை பேசியதில்லை. தலைக்கு மேலே பேச்சுக் குமிழி இருக்கும். உள்ளே வெறும் வெள்ளை. லியேஜ் நகரில் எந்தப் பழைய புத்தகக் கடையில் புரட்டினாலும், அந்த வெள்ளையில் ஏதோ ஒரு பிள்ளையின் பென்சில் கிறுக்கல் கிடைக்கும்.

அந்தக் கதைகளை வைத்து எடுத்த இந்தப் படத்திலோ அவன் ஓயவில்லை. முத்தமிடும்போதுகூடப் பேசினான்.

பக்கத்து இருக்கையில் ஜோஸ். அப்பாவின் படங்களில் மற்றவர்களின் குமிழிகளுக்குள் வசனத்தைக் கையால் எழுதிக்கொடுத்தவர், வயது எண்பத்தொன்று.

"முப்பது வருஷம் இவனுக்கு நான் ஒரு எழுத்து போட்டதில்ல. சேர்த்து வெச்சு இப்பக் கொட்டறான்."

"சும்மா இருங்க மாமா."

"நான் சும்மாதாம்மா இருக்கேன். அவன்கிட்டச் சொல்லு."

அவள் சிரிக்கவில்லை. படம் அவளுக்குப் பிடிக்காவிட்டால் அதிலிருந்து அப்பாவின் பெயரை நீக்கச் சொல்லலாம். ஒப்பந்தத்தில் அந்த உரிமை அவளுக்கு இருந்தது. இது முன்காட்சிதான், புதன்கிழமை வெளியீடு. இன்று திங்கள். மதியத்துக்குள் பதில் சொல்லியாக வேண்டும்.

விளக்குகள் எரிந்தன. வாசலில் இயக்குநர் தெஃபோஸ் காத்திருந்தார்.

"அவனை ஏன் பேச வெச்சீங்க?"

"நான் வெக்கல மேடம். உங்க அப்பாதான்." பையிலிருந்து ஒரு கட்டு நகல்களை நீட்டினார். "அருங்காட்சியகத்துக்கு நீங்க குடுத்த அவரோட சொந்தப் பிரதிங்க, ஆரம்பகாலப் புத்தகங்க. லாம்பெரோட ஒவ்வொரு குமிழியிலயும் பென்சில்ல வசனம். அவர் மனசுல இருந்ததாச்சேன்னு ஒரு வார்த்தைகூட மாத்தல."

மரியெத் முதல் தாளைப் பார்த்தாள். 'ஆறே, உன்னை விட்டு நான் போக மாட்டேன்.' சற்றுமுன் அரங்கமே நெளிந்த வசனம்.

ஜோஸ் எட்டிப் பார்த்தார். "இது அஷீல் எழுத்தில்லையே. அவன் எழுதினா கோழி கிளறின மாதிரி இருக்கும். இது..." பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"என்னோடது," என்றாள் மரியெத். "அப்ப எனக்கு ஒன்பது வயசு."

தெஃபோஸின் முகம் வெளுத்தது.

அன்று அப்பா அதைப் பார்த்தார். திட்டவில்லை, அழிக்கவுமில்லை, அப்படியே அலமாரியில் வைத்துவிட்டார். அதே வாரம் எதிர்வீட்டுப் பையனின் புத்தகத்தில் லாம்பெர் வேறு எதையோ பேசிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு பிள்ளையும் தன் பேச்சை எழுதிக்கொள்ளத்தான் அந்த வெள்ளை. இனி ஊருக்கெல்லாம் ஒரே பேச்சு. அதுவும் அவளுடையது.

"அப்போ... பேர் விஷயம், மேடம்?"

"அப்பா பேரை எடுத்துடுங்க."

தெஃபோஸ் தலைகுனிந்தார்.

"டைட்டில்ல வசனம்னு ஒரு வரி வருதில்ல? அங்க என் பேரைப் போடுங்க."

"ஊரே சிரிக்கும்மா," என்றார் ஜோஸ் மெதுவாக.

"சிரிக்கட்டும் மாமா. அவரைப் பார்த்துச் சிரிக்காம இருந்தாச் சரி."

தெஃபோஸ் நீட்டிய டைட்டில் பட்டியலில் அப்பாவின் பெயர்மேல் கோடு இழுத்தாள். கோடு நேராக வரவில்லை.